உங்களுக்குத் தெரியுமா? நாயின் மூட்டுவலியும் நம் கைகளும்

✦ இடுப்பு மூட்டு தேய்ந்த நாய்க்கு, மசாஜ் தெரிந்தவர் முதலில் கை வைக்கும் இடம் இடுப்பு அல்ல, கழுத்தும் தோளும். காரணம் நாயின் உடலமைப்பிலேயே இருக்கிறது. தோளையும் மார்பையும் இணைக்கும் காறை எலும்பு நமக்கு உண்டு. நாய்க்கு அது ஒரு சிறு துணுக்காக இருந்தால் உண்டு. அதுவும் எதையும் இணைப்பதில்லை. முன்னங்காலுக்கும் உடம்புக்கும் நடுவே மூட்டே கிடையாது, தசைதான். உடல் எடையில் சுமார் 60 சதவீதத்தை அந்தத் தசைகளே ஏந்தி நிற்கின்றன. பின்னங்கால் வலிக்கிற நாய் இன்னும் கொஞ்சம் எடையை முன்னே தள்ளிக்கொண்டு நடக்கும். வருடக்கணக்கில் அப்படி நடந்தால் தோள் தசை கட்டிப் போகாமல் என்ன செய்யும்? தேய்ந்தது ஒரு மூட்டாக இருக்கலாம், அதன் பாரத்தைச் சுமப்பவை பல தசைகள். மசாஜ் உதவுவது அந்தத் தசைகளுக்குத்தான்.

✦ தேய்ந்த குருத்தெலும்பை எந்த மசாஜும் திரும்ப வளர்க்காது. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டு மடங்கி நிமிரும்போது உள்ளே இருக்கும் வழுவழுப்பான திரவம் அதில் புகுந்து வெளியேறுகிறது. அதற்குச் சாப்பாடு அதுதான். வலி கிளம்புவது மூட்டைச் சுற்றியுள்ள உறையிலிருந்தும் அடியில் இருக்கும் எலும்பிலிருந்தும். வலிக்கிறதே என்று நாய் படுத்தே கிடந்தால் தசை மெலியும், மூட்டு இறுகும், அடுத்த முறை எழும்போது இன்னும் அதிகமாக வலிக்கும். தசையை இளக்கி, வலியைக் கொஞ்சம் தணித்து, நாயை மெதுவாக நடக்க வைத்தால் இந்தச் சுழல் ஓரிடத்தில் அறுபடும். மசாஜிடம் எதிர்பார்க்க வேண்டியது அவ்வளவே. வலியோடு வாழும் ஒரு உயிருக்கு அது சின்ன உதவி அல்ல.

✦ இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்க்கிறோமே, ஏன்? ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரு விஞ்ஞானிகள் 1965இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தொடுகையைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் தடிமனானவை, வேகமானவை. வலியைக் கொண்டுபோகும் இழைகள் மெல்லியவை, மெதுவானவை. இரண்டும் தண்டுவடத்தில் ஒரே வாசலைக் கடந்துதான் மூளைக்குப் போக வேண்டும். தொடுகைச் செய்தி நிறைய வந்தால் வாசல் பாதி சாத்திக்கொள்கிறது, வலிச் செய்தி குறைந்துபோகிறது. பின்னால் வந்த ஆய்வுகள் இந்தக் கோட்பாட்டின் நுணுக்கங்களைத் திருத்தின. அடிப்படை இன்றும் நிற்கிறது. நாய்க்கும் தண்டுவடம் இதே மாதிரிதான்.

✦ ‘வலித்தால் நாய் கத்துமே’ என்பது பலருடைய எண்ணம். மூட்டுவலிக்கு நாய் பெரும்பாலும் கத்துவதில்லை. பழக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கைவிடும். சோபாவில் ஏறுவதை நிறுத்தும். மாடிப்படியின் கீழே நின்று மேலே பார்க்கும். காரில் தாவி ஏறும் நாய், முன்னங்கால்களை மட்டும் வைத்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கும். தூங்கி எழுந்ததும் நாலு அடி விறைப்பாக நடந்து, பிறகு சரியாகிவிடும். ‘வயசாகிவிட்டது’ என்று நாம் அதைத் தள்ளிவிடுவோம். இரவில் இடம் மாற்றி மாற்றிப் படுக்கும். குழந்தைகள் தொட்டால் முன்பு இல்லாத முறைப்பு வரும். இவற்றில் எதுவுமே முதுமை அல்ல. வயது ஒரு நோய் இல்லை, வலி நோய்.

✦ வெளிர்நிற நாயாக இருந்தால் முன்னங்கால் மணிக்கட்டைப் பாருங்கள். உள்ளங்கை அளவுக்கு முடி துருப்பிடித்த நிறத்தில் இருக்கிறதா? ஒரே இடத்தை நக்கி நக்கி எச்சிலில் உள்ள நிறமி ஏறிய கறை அது. தோல் அரிப்பாலும் நக்கலாம். அரிப்பே இல்லாமல் ஒரே மூட்டை நக்குகிறது என்றால் வலிக்கும் இடத்தை நாயே காட்டிக்கொடுக்கிறது. அடுத்து பின்னங்கால் நகங்கள். பாதத்தைச் சரியாகத் தூக்காமல் இழுத்து நடப்பதால் நடு நகங்களின் மேற்பக்கம் ரோட்டில் தேய்ந்து சப்பையாகிவிடும். நடக்கும்போது ‘சர்க், சர்க்’ என்று ஒரு சத்தம் கேட்கும். எங்கள் பக்கத்து வீட்டு லாப்ரடார் தெருமுனை திரும்புவதை நான் அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

✦ மூட்டுவாதம் கிழ நாய்க்கு மட்டும் வருவதல்ல. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், ராட்வைலர் போன்ற பெரிய இனங்களில் இடுப்பு மூட்டின் பந்தும் கிண்ணமும் சரியாகப் பொருந்தாமல் வளரும் ‘ஹிப் டிஸ்பிளேசியா’ பரம்பரையாக வருகிறது. ஒரு வயது முடிவதற்குள்ளேயே அறிகுறி தெரியலாம். முயல் மாதிரி இரண்டு பின்னங்காலையும் சேர்த்துத் தாவி ஓடும் குட்டியைப் பார்த்து ரசித்துவிட்டுப் போகாதீர்கள், ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். முழங்கால் லிகமெண்ட் அறுந்த நாய்க்கும், வண்டியில் அடிபட்டுப் பிழைத்த தெருநாய்க்கும் அடிபட்ட மூட்டிலேயே பின்னாளில் வாதம் குடியேறும்.

✦ மூன்று காலோடு நடமாடும் நாய்கள் நம் ஊர்த் தெருக்களில் குறைவில்லை. ஒரு முன்னங்கால் போன நாயின் மற்ற முன்னங்கால் தோளைத் தொட்டுப் பாருங்கள். கயிறு முறுக்கியதுபோல இருக்கும். மசாஜால் அதிகம் பலன் பெறுகிற நாய்களில் இவையும் சேர்த்தி.

✦ மசாஜ் உண்மையிலேயே வேலை செய்கிறதா? பிரிட்டனில் 527 நாய்களின் தகவலைத் திரட்டி, ‘வெட்டரினரி ரெக்கார்ட்’ இதழில் 2021இல் ஓர் ஆய்வு வந்தது. மசாஜுக்குப் பிறகு வலி குறைந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது என்று மசாஜ் செய்தவர்களும் நாயை வளர்த்தவர்களும் பதிவு செய்திருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் மசாஜ் செய்யப்படாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்ட சோதனை அல்ல அது.

இந்த வித்தியாசத்தை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2012இல் அமெரிக்காவில் வெளிவந்த இன்னொரு ஆய்வு. மூட்டுவாதத்தால் நொண்டிய 58 நாய்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தார்கள். நாய் கால் ஊன்றும் விசையை அளக்கும் தகட்டின் மேல் நடக்கவிட்டும் பார்த்தார்கள். தகட்டின் அளவில் முன்னேற்றம் இல்லாதபோதும் பாதிக்கும் மேற்பட்ட முறை ‘தேவலை’ என்றார்கள் வளர்த்தவர்கள். கால்நடை மருத்துவர்களே பத்துக்கு நான்கு முறையாவது அப்படி ஏமாந்தார்கள். அன்பு நம் கண்ணை மறைக்கும். அதனால் மசாஜ் தொடங்கும் முன் நாய்க்குச் சிரமமான மூன்று வேலைகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எத்தனை படி ஏறுகிறது, எவ்வளவு தூரம் நடக்கிறது, எழுந்து நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது. ஒரு மாதம் கழித்து அதே மூன்றையும் பாருங்கள்.

✦ இப்படி அளந்து பார்ப்பதற்கென்றே பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் ஒரு கேள்வித்தாள் தயாரித்திருக்கிறார்கள். மொத்தம் 11 கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் 4 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 44ஐ நோக்கி ஏற ஏற வலி அதிகம் என்று பொருள். பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவர் அல்ல, வீட்டில் நாயோடு இருப்பவர்.

✦ இனி செய்முறை. நாய் சாப்பிட்டவுடன் வேண்டாம், ஓடி மூச்சு வாங்கும்போதும் வேண்டாம். அது வழக்கமாகப் படுக்கும் இடத்தில், அதற்கு எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் படுக்க விடுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறம் வைத்துச் சூடு பாருங்கள். இதமாக இருந்தால் பத்து நிமிடம் இடுப்பின் மேல் போட்டு வைக்கலாம்.

பிறகு உள்ளங்கை முழுவதையும் பதித்து, கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து முதுகு என்று முடி படிந்திருக்கும் திசையிலேயே நிதானமாக நீவுங்கள். முதுகெலும்பின் மேல் கை போகவே கூடாது. அதன் இரு பக்கமும் ஓடும் நீளத் தசையில்தான். அவசரமாகத் தேய்த்தால் நாய் விளையாட்டு என்று நினைத்து எழுந்துவிடும். ஓரிரு நிமிடம் இப்படிப் போன பிறகு தோள், தொடைச் சதைகளை விரல்களாலும் உள்ளங்கையாலும் லேசாகப் பிடித்து விடலாம். எவ்வளவு அழுத்தம்? உங்கள் மூடிய கண் இமையை நீங்களே அழுத்தினால் எவ்வளவு பொறுப்பீர்களோ, முதல் நாள் அதற்கு மேல் வேண்டாம். மூட்டின் மேல் நேராக அழுத்தாதீர்கள். காலை இழுத்து நீட்டிவிடும் வேலையை இயன்முறைப் பயிற்சி பெற்றவரிடம் கற்றுக்கொள்ளாமல் செய்யவே செய்யாதீர்கள்.

கீழ் முதுகை நெருங்கும்போது கவனியுங்கள். வலி உள்ள நாய்க்கு அங்கே தோல் ஒரு அலை போலத் துடிக்கும், அல்லது காதுகள் பின்னால் போகும், தலை உங்கள் கைப்பக்கம் சட்டென்று திரும்பும். உதட்டை நக்குவது, சம்பந்தமில்லாமல் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது எல்லாம் ‘போதும்’ என்று அது சொல்லும் வழிகள். கையை உடனே எடுத்துவிட வேண்டாம்; அழுத்தத்தை விட்டுவிட்டு, வலிக்காத இடத்துக்கு மெதுவாக நகர்த்துங்கள். நடுநடுவே கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். நாய் உடம்பைச் சாய்த்து உங்கள் கையைத் தேடி வந்தால் தொடருங்கள். எழுந்து போனால் விடுங்கள். பின்னால் போய்ப் பிடித்து வந்து செய்யும் மசாஜால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முதல் வாரம் ஐந்து நிமிடம், பழகிய பிறகு பதினைந்து நிமிடம். முடிந்ததும் தண்ணீர் வையுங்கள், வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடத்துங்கள்.

✦ லிண்டா டெல்லிங்டன் ஜோன்ஸ் குதிரைகளுக்கென்று உருவாக்கி, பிறகு நாய்களுக்கும் பரவிய ‘டிடச்’ முறையில் தசையை அமுக்குவதே இல்லை. விரல் நுனியால் தோலை மட்டும் ஒன்றேகால் வட்டம் நகர்த்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள். கை பட்டாலே மிரளும் நாய்க்கு, மசாஜைவிட இது நல்ல தொடக்கம் என்பது என் எண்ணம்.

✦ எண்ணெய் தேவையே இல்லை. மசாஜ் என்றதும் நம் கை நல்லெண்ணெய்க் கிண்ணத்தைத்தான் தேடும். நாயோ ஐந்தே நிமிடத்தில் அத்தனையும் நக்கிவிடும். நிறைய உள்ளே போனால் வயிற்றுப்போக்கு வரும். முடியில் மீதி இருப்பதில் புழுதி ஒட்டும்.

எண்ணெயாவது பரவாயில்லை. நீலகிரித் தைலம், கற்பூரத் தைலம், தலைவலிக்கும் இடுப்புவலிக்கும் நாம் தடவும் பாம் எதையும் நாயின் மேல் தடவக் கூடாது. பல பாம்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரை கொண்டுபோகும். நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. அதன் மூக்குக்கு அந்த நெடியே ஒரு தண்டனை. இன்னொன்று: உங்கள் முழங்காலில் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவியிருந்தால் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நாயைத் தொடுங்கள், முழங்காலை அது நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

✦ நமக்கு எழுதிக் கொடுத்த வலி மாத்திரையில் பாதியை உடைத்து நாய்க்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும். நாய்க்கென்று வலி மருந்துகள் தனியாக இருக்கின்றன. எடை பார்த்து, ரத்தம் சோதித்து, கால்நடை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். அவர் கொடுத்த மருந்தை, மசாஜ் செய்கிறோமே என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது.

✦ எல்லா நொண்டலும் தேய்மானம் இல்லை. நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்துப் பரவும் எர்லிகியா கிருமி மூட்டுகளில் வீக்கத்தை உண்டாக்கும். இன்று ஒரு கால், நாளை வேறு கால் என்று நொண்டல் இடம் மாறும். நாயின் இயல்பான உடல் சூடே நம்மைவிட அதிகம், 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. ஆகவே தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைச் சொல்ல முடியாது, தெர்மாமீட்டர் வேண்டும். காய்ச்சல், மூட்டில் சூடான வீக்கம், ஆறாத புண், தோல் தொற்று, இனம் தெரியாத கட்டி, திடீரென்று காலைத் தூக்கிக்கொள்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மசாஜ் வேண்டாம். நேரே மருத்துவரிடம் போங்கள்.

✦ நீவிக்கொண்டே விலாவுக்கு வாருங்கள். விரலை லேசாக ஓட்டினால் விலா எலும்புகள் தட்டுப்பட வேண்டும். தேடித் தேடி அழுத்தினால்தான் தெரிகிறது என்றால் நாய் குண்டாக இருக்கிறது. அப்படியானால் முதல் வைத்தியம் மசாஜ் அல்ல, சாப்பாட்டுத் தட்டு.

48 லாப்ரடார் நாய்களை அவற்றின் வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். பாதி நாய்களுக்கு, தம் ஜோடி நாய் சாப்பிட்டதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு. வழக்கமாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள், குறைத்துச் சாப்பிட்டவற்றுக்கு 13. மூட்டுவாதமும் அவற்றுக்குப் பல ஆண்டுகள் தள்ளித்தான் வந்தது. இன்னொரு ஆய்வில் குண்டான, நொண்டுகிற நாய்கள் உடல் எடையில் 6 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைத்ததுமே நொண்டல் கண்கூடாகக் குறைந்தது. 35 கிலோ லாப்ரடாருக்கு அது இரண்டு கிலோ சொச்சம்! டீ குடிக்கும்போதெல்லாம் ஆளுக்கொரு பிஸ்கட், ராத்திரி மிஞ்சிய நெய்ச்சோறு, இவை இரண்டையும் நிறுத்தினாலே பெரும்பாலான வீடுகளில் பாதி வேலை முடிந்துவிடும்.

லாப்ரடார் எப்போதும் பசி பசி என்று அலைவதற்கும் காரணம் இருக்கிறது. 2016இல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தபடி, ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு ‘போதும்’ என்ற உணர்வைத் தரும் மரபணுவின் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது. கெஞ்சும் கண்ணைப் பார்த்து மனம் இளகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

✦ டைல்ஸ் தரை மூட்டுவலி நாய்க்கு எதிரி. ஒவ்வொரு முறை எழும்போதும் பின்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கும். மசாஜில் இளகிய தொடைத் தசை ஒரே வழுக்கலில் மறுபடி இறுகிவிடும். படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை சணல் சாக்கோ பழைய யோகா விரிப்போ போட்டுப் பாதை அமையுங்கள். பாதத்தின் அடியில் விரல்களுக்கு நடுவே வளர்ந்த முடியை வெட்டுங்கள், நகத்தையும். பல நாய்களுக்கு மசாஜைவிட இந்தப் பாதைதான் சீக்கிரம் பலன் தரும்.

✦ தொடைச் சதையைக் கையால் பிடித்து இடது வலது ஒப்பிட்டுப் பாருங்கள். வலிக்கும் காலை நாய் குறைவாக ஊன்றுவதால் அந்தப் பக்கத் தொடை மெலிந்திருக்கும். தையல்காரரின் டேப்பால் மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் அளந்து தேதியோடு குறித்து வைப்பது நல்லது.

✦ மருத்துவமனை வாசலில் இறங்கியதும் நொண்டாமல் விறுவிறுவென்று நடக்கும் நாய்களைப் பார்த்திருப்பீர்கள். பயமும் பரபரப்பும் வலியைச் சிறிது நேரம் மறைத்துவிடும். மேசை மேல் ஏற்றினால் உடம்பு முழுவதையும் விறைத்துக்கொள்ளும், மருத்துவரின் விரலுக்கு எதுவும் பிடிபடாது. ஆகவே வீட்டில் நாய் தூங்கி எழும் நேரத்தையும், படி ஏறுவதையும், தெருவில் நடந்து போவதைப் பின்னாலிருந்தும் உங்கள் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். நீவும்போது எந்த இடத்தில் தோல் துடித்தது, எந்தப் பக்கத் தொடை மெலிந்திருக்கிறது, எந்த இடத்தைத் தொட்டதும் திரும்பிப் பார்த்தது என்பதையும் சொல்லுங்கள். எக்ஸ்ரே எங்கே எடுப்பது, மருந்தை எவ்வளவு கூட்டுவது குறைப்பது என்று மருத்துவர் முடிவெடுக்க அந்தத் தகவல் தேவை.